பாஸானால் குரு

காட்டுப்பாக்கம் கங்காதரனைப் பெண் பார்க்கப் போன இடத்தில் கணக்குப் போடச் சொன்னார்கள். பஜ்ஜி தின்னப் போனவனுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். தேவைதான். அவனைப் பற்றி அந்த வீட்டில் சொல்லி வைத்திருந்த லட்சணம் அப்படி.

சொல்லி வைத்தவன் சம்பத். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் கங்காதரனுக்குப் பக்கத்து லேத்தில் நிற்பவன். கோவில்பதாகைக்காரன், நல்லவன், வாயைத் திறந்தால் மட்டும் உள்ளதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வரும். தன் தெருவில் பக்தவத்சலம் என்பவர் மகள் தாட்சாயிணிக்கு மாப்பிள்ளை தேடுகிறார் என்று தெரிந்ததும், நம்ம ஆளு ஒருத்தன் டிப்ளமோ முடித்தவன், இன்றோ நாளையோ சூப்பர்வைசர் என்று அடித்துவிட்டான். கங்காதரன் டிப்ளமோ படித்தது என்னவோ உண்மை. ஷிஃப்ட் முடிந்ததும் கையில் ஆயில் கறையோடு மாலை நேரப் பாலிடெக்னிக்குக்கு ஓடி ஓடிப் படித்தான். எல்லாப் பேப்பரும் தேறியது. கணக்குப் பேப்பர் ஒன்று மட்டும் அரியர் என்று நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பரீட்சை ஹாலுக்குக் காவல் வருகிற வாத்தியாரே அவனைப் பார்த்தால், வாப்பா, வீட்டில் சௌக்கியமா என்று விசாரிக்கும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்துக் கோவில்பதாகைக்குப் போனார்கள். கங்காதரனோடு அவன் அம்மா நாகம்மாள், தாய்மாமன் செங்கல்வராயன், தரகு வேலை பார்த்த சம்பத். இந்தச் செங்கல்வராயனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அப்பா இல்லாத வீட்டுக்கு அவர்தான் எல்லாம். கல்யாணமோ காதுகுத்தோ, எது முறை, எது முறையில்லை என்று அவர் சொன்னால் காட்டுப்பாக்கத்தில் அந்தத் தெருவே கேட்கும். நாகம்மாள் வாசலில் கோலத்தைப் பெரிதாகப் போடுவதற்குக்கூட அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போடுவாள்.

தாட்சாயிணி காபித் தட்டோடு வந்து நின்றாள். நாகம்மாள் வழக்கப்படி, பாட்டுத் தெரியுமா கண்ணு என்று கேட்டாள். பாட்டு வராதுங்க, கணக்குதான் வரும் என்றாள் பெண். அவள் பி.எஸ்ஸி. மேத்ஸ். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டுப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். வாழைக்காய் பஜ்ஜி நன்றாக அமைந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்த செங்கல்வராயன், அப்படியானால் மாப்பிள்ளைக்கே ஒரு கணக்குக் கொடும்மா, டிப்ளமோக்காரன் சொல்லட்டும் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். கணக்கு விஷயத்தில் தாட்சாயிணிக்கு விளையாட்டு என்பதே கிடையாது என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

"ரூட் எக்ஸை இன்டக்ரேட் பண்ணா என்ன வரும்?" என்று கேட்டாள்.

பரீட்சைக்குப் பரீட்சை கங்காதரன் காலை வாரிவிட்டது இந்த ரூட்தான். மற்றக் கணக்குகளில் தட்டுத் தடுமாறியாவது ஒரு கரைக்கு வந்துவிடுவான். தலையில் முக்காடு போட்டுக்கொண்ட மாதிரி அந்தக் குறியோடு எக்ஸ் வந்து நின்றால் போதும், பேனாவை மூடி வைத்துவிடுவான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெண் பார்க்க வந்த இடத்தில் எந்த மாப்பிள்ளை தெரியாது என்று சொல்லியிருக்கிறான்? பாதி பஜ்ஜியை விழுங்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒன் பை டூ ரூட் எக்ஸ்" என்றான்.

கூடம் முழுக்கத் தலையாட்டியது. செங்கல்வராயன் மருமகன் முதுகில் தட்டினார். நாகம்மாளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அது டிஃபரன்ஷியேஷன்," என்றாள் தாட்சாயிணி. "நான் ஏறச் சொன்னேன். நீங்க இறங்கிட்டீங்க."

கேலியாகச் சொல்லவில்லை. கல் தடுக்குது, பார்த்து வாங்க என்பது போலத்தான் சொன்னாள். ஆனால் பக்தவத்சலம் நிமிர்ந்துவிட்டார். ஆவடியில் அரசாங்க ஃபேக்டரியில் ஸ்டோர் பார்க்கிற மனிதர். ஒரு போல்ட் குறைந்தாலும் தூக்கம் வராது. டிப்ளமோ முடித்தவர் இதைத் தப்பாகச் சொல்வாரா என்று சம்பத்தைக் கேட்டார். சம்பத்துக்கு அந்தச் சமயம் பார்த்து மின்விசிறியின் மேல் அளவு கடந்த அக்கறை வந்துவிட்டது.

கங்காதரன்தான் வாயைத் திறந்தான். "சம்பத்து சொன்னது தப்புங்க. ஒரு பேப்பர் நின்னுகினு கீது. மேத்ஸ்தான்."

பக்தவத்சலம் சத்தம் போடவில்லை. அந்தப் பேப்பரை முடித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று எழுந்து நின்று கும்பிட்டார். பெண் வீட்டில் இதற்கு அர்த்தம் என்ன என்று ஊருக்கே தெரியும். செருப்பு வாசலில் இருக்கிறது, மாட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்று அர்த்தம். நம் கங்காதரன் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நம்பிவிட்டான். அவன் கெட்டிக்காரன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே.

அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் அவனுக்கு அந்த ஒரே பேச்சு. ஏறச் சொன்னேன், இறங்கிட்டீங்க. இத்தனை வருஷத்தில் பாலிடெக்னிக்கில் அவனுக்கு மார்க் போட்டவர்கள் உண்டு, சைபரும் போட்டிருக்கிறார்கள். எங்கே தப்பினான் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவளைப் பிடித்துப் போய்விட்டது அவனுக்கு. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று பூந்தமல்லி தாண்டுவதற்குள் முடிவே செய்துவிட்டான்.

மறுநாள் மாலை அம்பத்தூரில் ரயிலேறி ஆவடியில் இறங்கி நேராகக் கோவில்பதாகைக்குப் போய், பக்தவத்சலம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்றான். தாட்சாயிணி எட்டிப் பார்த்தாள். என்ன என்று கேட்டாள். டியூஷனுக்கு வந்திருக்கிறேன் என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. இங்கே வந்தால் ஸ்டூடண்ட், வேறு எதுவும் இல்லை, எல்லோரும் மிஸ் என்று கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படித்தான் கூப்பிட வேண்டும், சரியா என்றாள். அவன் "சரி மிஸ்" என்றான். பக்தவத்சலத்துக்கு இது பிடிக்கவேயில்லை. ஆனாலும் பேப்பரை முடிக்கச் சொன்னவர் அவர்தானே, இப்போது என்ன சொல்லித் துரத்துவது? டியூஷன் முடியும் வரை மாடிப்படியின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டார். காலையில் படித்த அதே செய்தித்தாளைத்தான்.

கொட்டகையில் கங்காதரனுக்குக் கடைசி பெஞ்சு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அளவெடுத்த பெஞ்சு அது. இவன் முழங்கால் முன் பெஞ்சில் இடிக்கும். பிள்ளைகள் அவனை அண்ணாத்தே என்றார்கள். அண்ணாத்தே, இந்த வயசில் எந்தப் பரீட்சை என்று கேட்டார்கள். அவன் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பான்.

தாட்சாயிணி பாடத்தில் கறார். ரூட் எக்ஸ் என்றால் எக்ஸின் தலையில் அரை என்று அர்த்தம். இன்டக்ரேட் பண்ண அந்த அரையோடு ஒன்றைக் கூட்டு, ஒன்றரை. அந்த ஒன்றரையாலேயே வகுத்துவிடு. முடிந்தது, இரண்டு வரிதான் என்பாள். கங்காதரன் ஒன்றரை வரைக்கும் ஒழுங்காக வருவான். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிடுவான். மூன்றில் இரண்டு வர வேண்டிய இடத்தில் இரண்டின் மேல் மூன்று ஏறி உட்கார்ந்திருக்கும். தினமும் ஏறும். போட்ட விடையை டிஃபரன்ஷியேட் பண்ணிப் பாருங்கள், கிளம்பின இடத்துக்கே வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போன பஸ் அதே வழியில் திரும்பினால் ஆவடிதானே வர வேண்டும், திருவள்ளூர் வந்தால் எங்கேயோ தப்பு என்றாள். இவன் பஸ் நாள் தவறாமல் திருவள்ளூர் போனது.

ஒன்று சொல்ல வேண்டும், அவள் ஒரு அரை மார்க்கைச் சும்மா கொடுத்தவள் இல்லை. விடை முழுக்கச் சரியாக இருந்து கடைசியில் பிளஸ் சி என்று போடாமல் விட்டால் மார்க்கை வெட்டிவிடுவாள். சொந்தச் சித்தி மகள் அழுதுகொண்டு நின்றபோதும் வெட்டினாள். சரியைத் தப்பு என்றோ தப்பைச் சரி என்றோ சொல்லுகிற நாக்கு தனக்கு இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்தில்தான் விஜயதசமி வந்து சேர்ந்தது.

அன்றைக்கு டியூஷன் பிள்ளைகள் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து மிஸ்ஸிடம் கொடுத்துக் காலைத் தொட்டுக் கும்பிடுவது அந்தக் கொட்டகையின் வழக்கம். மிஸ் அட்சதை போட்டு ஆளுக்கொரு பேனா கொடுப்பாள். கங்காதரனும் பூந்தமல்லி மார்க்கெட்டில் நல்ல ஆப்பிளாகப் பொறுக்கி வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றான். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். இவன் முறை வந்தது. கும்பிட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவன் செய்வதைச் செய்வது மனித சுபாவம். இவன் எதையுமே அரைகுறையாகச் செய்கிற ஆளும் இல்லை. நெடுஞ்சாண்கிடையாக, ஆறடி ஆள் அப்படியே விழுந்தான்.

தாட்சாயிணி ஒரு கணம் பின்னால் நகரப் பார்த்தாள். பின்னால் கரும்பலகை. வேறு வழியில்லாமல் அட்சதையைப் போட்டாள். பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

இதைப் பார்த்தவர்களில் சம்பத்தும் ஒருத்தன். சுண்டல் வாங்கிப் போக வந்தவன். சிரித்துச் சிரித்து அவனுக்கு விலா வலித்தது. அந்தச் சிரிப்பை அவனோடு வைத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? காட்டுப்பாக்கத்துக்குப் போய் நாகம்மாளிடம் நடித்தே காட்டினான். நாகம்மாள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

செங்கல்வராயன் முழுக்கக் கேட்டார். வெற்றிலையை நிதானமாக மென்றார். பிறகு கங்காதரனைக் கூப்பிட்டு, நடந்தது நிஜமா என்று கேட்டார். நிஜம்தான் என்றான் அவன்.

"கால்ல உய்ந்து ஆசீர்வாதம் வாங்கிட்டு, அப்பால எப்பிடிடா அவ கயுத்துல தாலி கட்டுவே?" என்றார் மாமா. "குரு தாய்க்குச் சமானம்டா."

அவள் தன்னைவிட வயதில் சின்னவள், டியூஷன்தானே என்று கங்காதரன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். மாமா அசையவில்லை. பெண்ணை அவருக்கும் பிடித்திருந்தது, பஜ்ஜியும் பிடித்திருந்தது, ஆனால் முறை முறைதான். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் அந்த வீட்டில் கல்யாணம் இல்லை. நாகம்மாள் அழுதாள். சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொன்னவர்களெல்லாம் குருவாகிவிடுவார்களா அண்ணாத்தே, பையன் இன்னும் பெயில்தானே என்று கெஞ்சினாள். அந்தப் பேச்சில் செங்கல்வராயன் கொஞ்சம் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. வித்தை பலித்தால்தான் குரு, பலிக்காவிட்டால் அது சும்மா பொழுதுபோக்கு என்று தீர்ப்பைத் திருத்தினார். பையன் பாஸானால் அந்தப் பெண் குரு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும். பெயிலானால் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.

இப்போது பாருங்கள் நம் ஆள் மாட்டிக்கொண்ட அழகை. பாஸானால்தான் பெண் தருவேன் என்கிறார் பெண்ணைப் பெற்றவர். பெயிலானால்தான் கட்டவிடுவேன் என்கிறார் மாமா. எந்தப் பக்கம் போனாலும் அவனுக்குத் தாட்சாயிணி இல்லை.

நாகம்மாளுக்கு அவ்வளவு தூரம் ஓடவில்லை. அண்ணன் சொன்னதுதான் காதில் நின்றது. பொன்னியம்மன் கோயிலுக்குப் போய், மகன் பேரில் அர்ச்சனை, பரீட்சையில் பெயிலாக வேண்டும் என்று பூசாரியிடம் சொன்னாள். பூசாரி தேங்காயை ஓங்கியவர் அப்படியே நின்றார். தாய் வாயால் இப்படிக் கேட்டால் அம்மனுக்கே பொறுக்காது என்று அவர் திட்டியதும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. சரி, பாஸாகட்டும், ஆனால் பாஸாகக் கூடாது என்று மாற்றிக் கேட்டாள். பூசாரி தேங்காயை உடைத்துவிட்டு, மிச்சத்தை அம்மன் பார்த்துக்கொள்ளும் என்று அனுப்பிவிட்டார்.

அக்டோபர் பரீட்சை என்று பெயர்தானே தவிர, அது வருவது ஐப்பசி மழையில்தான். பரீட்சைக்கு முன்னால் ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை ஒழுகியது. பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். கங்காதரன் மட்டும் மாடிப்படியில் ஒதுங்கினான். மேல்படியில் தாட்சாயிணி கரும்பலகைத் துடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே பக்தவத்சலம், செய்தித்தாள்.

அவன் மாமாவின் தீர்ப்பை ஒன்று விடாமல் சொன்னான். சொல்லிவிட்டு, எனக்கு வேறு இடம் வேண்டாம் மிஸ் என்றான். மழைச் சத்தத்தில் அது எவ்வளவு மெதுவாகச் சொல்லப்பட்டாலும் அவளுக்குக் கேட்டது. அவள் துடைப்பானைப் படியில் வைத்தாள்.

"வேணும்னே தப்பா எழுதலாம்னு யோசிக்கிறீங்களா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எழுதினா எனக்குத் தெரிஞ்சிடும். உங்க தப்பெல்லாம் எனக்கு மனப்பாடம்."

ஒரு பெண் தன் தப்புகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறாள் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவளும் தான் சொன்னதைத் தானே கேட்டதுபோலச் சட்டென்று படியில் உட்கார்ந்தாள். நோட்டை இழுத்து, உங்களுக்குப் பின்னத்தைக் கண்டால்தானே பயம், அந்த ரூட்டையே எடுத்துவிடலாம் என்று வேறொரு வழி சொல்லிக்கொடுத்தாள். எக்ஸுக்குப் பதிலாக டி ஸ்கொயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூட் எக்ஸ் வெறும் டி ஆகிவிடும். முக்காடும் இல்லை, அரையும் இல்லை, ஒன்றரையும் இல்லை. முழு எண்ணாகவே நடந்து போய், கடைசியில் மறுபடி எக்ஸைக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். நாலு வரி ஆகும், ஆனால் வழியில் தடுக்கி விழ எதுவும் கிடையாது. இது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அவள் இன்னும் எடுக்காத பாடம். இவன் ஒருத்தனுக்காக எடுத்தாள்.

அவன் போட்டான். திரும்பிப் பார்த்தான். பஸ் ஆவடிக்கே வந்து நின்றது. இன்னொரு தடவை போட்டான், அப்போதும் வந்தது. கீழே பக்தவத்சலம் பக்கத்தைப் புரட்டாமல் வெகு நேரமாக ஒரே விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தே விட்டது. ரூட் எக்ஸை இன்டக்ரேட் செய்க. கங்காதரன் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தான். இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றிப் போட்டால் போதும், பழகின தப்புதான், ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? பேனாவை எடுத்தான். டி ஸ்கொயர் என்று தொடங்கினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கணக்கு அவனுக்குப் பயமில்லாமல் வந்தது. வந்த சந்தோஷத்துக்குப் பக்கத்திலேயே துக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் பிளஸ் சி போட்டு, அடிக்கோடும் போட்டு, பேப்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தான்.

தை பிறந்த பிறகு ரிசல்ட் வந்தது. பாலிடெக்னிக் போர்டில் அவன் நம்பர் இருந்தது. அந்தக் காவல் வாத்தியார் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், இனி உன்னைப் பார்க்க முடியாதே என்றார். வீட்டில் நாகம்மாள், "பாஸாயிட்டியாடா பாவி" என்று மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோவில்பதாகையில் பக்தவத்சலம் தன் வார்த்தையைக் காப்பாற்றுகிற மனிதர். இப்போது பேசலாம், வரச் சொல் என்று சம்பத்திடம் சொல்லி அனுப்பினார்.

செங்கல்வராயன் நாகம்மாளையும் கங்காதரனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதற்கு. வேண்டாம் என்று சொல்லப் போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவருடைய முறைகளில் ஒன்று. ஒரு சீப்பு மஞ்சள் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டார். பெண் பார்க்க வந்த அதே கூடத்தில் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். காபியும் வந்தது. உங்கள் பொண்ணு எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வித்தை கொடுத்த குரு, பாஸும் பண்ண வைத்துவிட்டது, கையெடுத்துக் கும்பிடுகிறோம், ஆனால் சம்பந்தம் பேச முறை இடம் கொடுக்கவில்லை என்று மாமா மிக மரியாதையாகச் சொன்னார். பாஸாகிவிட்டான் என்பதற்காக வேண்டாம் என்கிற மாப்பிள்ளை வீட்டைப் பக்தவத்சலம் பார்த்ததில்லை. கங்காதரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து தாட்சாயிணி வந்தாள். இந்தத் தடவை அவள் கையில் காபித் தட்டு இல்லை, சாக்பீஸ்.

"வித்தை பலிச்சாதான் குருன்னு சொன்னீங்களாமே," என்றாள் மாமாவிடம். "எந்த வித்தை பலிச்சுதுன்னு பாத்துடலாங்களா?"

மழைக்காலத்தில் மாடியிலிருந்து இறக்கி வைத்த கரும்பலகை இன்னும் கூடத்துச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. பரீட்சையில் ரூட் எக்ஸுக்கு எழுதியதை அப்படியே எழுதச் சொன்னாள். கங்காதரன் எழுந்து போய் எழுதினான். டி ஸ்கொயரில் தொடங்கி, நாலு வரி, கடைசியில் பிளஸ் சி. அவளுடைய கை பழக்கத்தில் டிக் போடப் போய்விட்டது. நடுவில் நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் தான் டியூஷனில் எடுக்கிற வழியை எழுதினாள். அரையோடு ஒன்றைக் கூட்டு, வகு. இரண்டு வரி.

என்னிடம் படிக்கிற எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள், இந்த இரண்டு வரியைத்தான் எழுதும் என்றாள். அதில் பொய் இல்லை. செங்கல்வராயன் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போனார். அவருக்குக் கணக்குத் தெரியாது, கண் தெரியும். விரலை வைத்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இது நீளம், அது குட்டை. இதில் குறுக்குக் கோடு போட்ட ஒரு எழுத்து வரிக்கு வரி வருகிறது, அதில் அந்த எழுத்தே இல்லை.

"வேற வேறதான்," என்றார். "அப்போ இத்த இவனுக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

"நான் இல்லீங்க," என்றாள் தாட்சாயிணி.

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சித்தி மகளுக்கு அரை மார்க் விடாத அதே முகம்தான். தன்னிடம் படித்துப் பாஸான அத்தனை பேரைப் பற்றியும் தெருவெல்லாம் பெருமை பேசுகிறவள், எல்லோரையும்விடக் கஷ்டப்பட்டுத் தேற்றிய ஒருத்தனை, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சபையில் சொல்லிவிட்டாள்.

சபைக்குப் புரிந்ததோ இல்லையோ, கங்காதரனுக்கு மட்டும் சுத்தமாகப் புரியவில்லை. "இல்ல மாமா, அன்னிக்கு மாடிப்படியில..." என்று தொடங்கினான். நாகம்மாளுக்குக் கணக்கும் தெரியாது, மாடிப்படியும் தெரியாது. ஆனால் மகனைத் தெரியும். அவன் பாதத்தின் மேல் தன் குதிகாலை வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள். அவன் வாயை மூடிக்கொண்டான். பக்தவத்சலம் மகளை ஒரு பார்வை பார்த்தார். மாடிப்படியின் கீழே உட்கார்ந்து அந்த மழையில் ஒவ்வொரு வரியையும் கேட்ட மனிதர் அவர். ஸ்டோரில் ஒரு போல்ட் குறைந்தாலும் பொறுக்காதவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, காபி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

செங்கல்வராயன் மறுபடி உட்கார்ந்தார். சொல்லிக்கொடுத்தது பலிக்கவில்லை, பையன் வேறு எப்படியோ கரையேறிவிட்டான். ஆக, குருவும் இல்லை, தோஷமும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே முகம் மலர்ந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லக் கொண்டுவந்த வாழைப்பழம் அப்படியே தட்டில்தான் இருந்தது. அதன் மேல் வெற்றிலை பாக்கை வைத்து, நாகம்மாளையும் கூப்பிட்டு நிறுத்தி, பக்தவத்சலத்திடம் நீட்டினார்.

கிளம்புகிற நேரத்தில் பெரியவர்கள் தெருமுனையில் நின்று முகூர்த்தத் தேதி பேசிக்கொண்டிருந்தார்கள். கங்காதரன் செருப்பு மாட்டுகிற சாக்கில் வாசலில் பின்தங்கினான். தாட்சாயிணி கதவருகில் நின்றாள். கையில் சாக்பீஸ் மாவு இன்னும் இருந்தது.

"மிஸ், அது நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?" என்றான், குரலைத் தாழ்த்தி. "படியில உக்காந்து?"

"ஆமா."

"அப்போ உள்ள சொன்னது பொய்யா?"

"ஆமா."

"நீங்க பொய்யே சொல்ல மாட்டீங்களே. எதுக்கு மிஸ் சொன்னீங்க?"

அவள் அவனைப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பென்சிலைச் சீவிச் சீவிப் பாதியாக்கிய அந்த ஆறடி மனிதனைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை அதை அடக்கவில்லை.

"அதையும் நானே சொல்லிக்குடுத்தா மறுபடியும் மிஸ் ஆயிடுவேன்," என்றாள். "நீங்களே போட்டுப் பாருங்க."

ஆவடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் யோசித்துக்கொண்டே நடந்தான். பூந்தமல்லி பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான் விடை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செங்கல்வராயன், இன்னாத்துக்குடா தனியா சிரிச்சிகினு வர்றே என்று கேட்டார். அவன் ஒன்றுமில்லை மாமா என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டான்.